யாரோ என்று சொன்னவர்

ஞானரட்ணம் அண்ணையைப் பற்றி எழுதத் தொடங்குமுன் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் தன் தவறை என்னிடம் வந்து சொன்னபோது, "பேசாமல் இருங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது" என்று புத்தி சொன்னவன் நான். ஆகையால் நீதிமான் மாதிரி நின்று இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. கோபம் மட்டும் இருக்கிறது. அவர் மீது கொஞ்சம், என் மீது கொஞ்சம், எப்போதோ செத்துப்போன ஒரு தபாலதிபர் மீது நிறைய.

இலண்டனில் எங்கள் ஆட்கள் பார்க்காத வேலை இல்லை. பெற்றோல் நிலையத்தில் நிற்கிறார்கள், விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறார்கள், வைத்தியர், கணக்காளர், கோயில் தர்மகர்த்தா எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் ரஷ்ய மொழிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த தமிழர் என்று நான் அறிந்தவர் இவர் ஒருவர்தான். மன்னாரில் பிறந்தவர். வால்தம்ஸ்டோவில் வீடு. மனைவி மெற்றில்டா அக்காவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. பிள்ளைகள் இல்லை.

நானும் மொழிபெயர்ப்பாளன்தான், தமிழுக்கு. ஹவுன்ஸ்லோவில் இருக்கிறேன், பெயர் கிருஷ்ணராசா. அண்ணையை நான் முதலில் கண்டது 2009ஆம் ஆண்டு, அகதிகளின் மேன்முறையீடுகளை விசாரிக்கும் இடத்துக் காத்திருப்பு அறையில். பிளாஸ்கிலிருந்து வெறுந்தேநீர் ஊற்றி, அதற்குள் ஒரு கரண்டி ஜாம் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்த பார்வையைக் கண்டு, "மொஸ்கோவில பழகினது தம்பி. விட ஏலாமக் கிடக்கு" என்றார். அன்றிலிருந்து எங்கே ஒன்றாக வேலை விழுந்தாலும் அந்த ஜாம் தேநீரில் எனக்கும் ஒரு கோப்பை கிடைக்கும். வாயில் வைக்க முடியாது. இருந்தும் குடித்துவைப்பேன்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விசாரிக்கப்படுபவர் "நான் பயந்தேன்" என்றால் நாங்களும் ஆங்கிலத்தில் "நான் பயந்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் பயந்தாராம்" என்று சொன்னால் பிழை. காலையில் படகைப் பறிகொடுத்த மீனவனாக இருப்பேன், பின்னேரம் புருஷனைத் தேடித் திரியும் பெண்ணாக இருப்பேன், இரண்டு பேருக்கும் நான் "நான்". ஒரு சொல்லைக் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, மாற்றக்கூடாது. இதில் அண்ணையைப் போல் சுத்தமான ஆள் கிடையாது. ஒருமுறை ஒரு ரஷ்யக் கிழவன் நீதிபதியைக் கெட்ட வார்த்தையால் ஏசியபோது, அதே வார்த்தையை அதே சூட்டோடு ஆங்கிலத்தில் நீதிபதியின் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அறை முழுவதும் அவரைப் பார்த்தது.

அவருக்கும் எனக்கும் ஒத்துவராத விஷயம் ஒன்றே ஒன்று. ரஷ்யா.

அவர் அங்கே போனது 1987இல், புலமைப்பரிசில் கிடைத்து, இயந்திரப் பொறியியல் படிக்க. படித்து முடியும் நேரத்தில் அந்த நாடே இல்லாமல் போய்விட்டது. பிறகு ஏழு வருஷம் அங்கேயே இருந்து, திறந்த சந்தையில் தேயிலையும் குடையும் விற்றிருக்கிறார். 1998இல் இலண்டன் வந்தார். அந்த ஏழு வருஷத்தைப் பற்றி மட்டும் எவ்வளவும் பேசுவார்.

"எனக்குக் கணிதம் படிப்பிச்ச மனுசி தம்பி, மெட்ரோ வாசலில பனிக்குள்ள நிண்டு தன்ர தேத்தண்ணிக் கேத்தலை வித்தவ. என்னைக் கண்டிட்டு முகத்தைத் திருப்பினவ. ஆறு மாசமாச் சம்பளம் இல்லை. டிவியைப் போட்டா ஆளுக்காள் பேச்சு, கட்சிக்குக் கட்சி சண்டை. அதுக்குப் பேர்தான் சனநாயகம் எண்டு அந்தச் சனத்துக்குச் சொல்லிக் குடுத்தவை. நான் இஞ்ச வந்த பிறகு ஒருத்தன் வந்து இறுக்கிப் பிடிச்சான், சம்பளம் நேரத்துக்கு வந்தது, மனுசி கேத்தலை வீட்டை கொண்டு போனாவாம். அவையிட்டப் போய் எதிர்க்கட்சி வேணும் எண்டு சொல்லிப் பார். உன்னை விசரன் எண்டுவினம்."

"அதுக்காக வாய் துறக்கிறவனையெல்லாம் உள்ளுக்குப் போடலாமோ?" என்பேன்.

"உள்ளுக்க இருந்து குழப்புறவனை அவை வேற மாதிரித்தான் பாப்பினம். வீடு பத்தேக்குள்ள ஆர் முதல்ல தண்ணி ஊத்திறது எண்டு வாக்கெடுக்க ஏலாது."

"எத்தினை வருசமா அண்ணை அந்த வீடு பத்துது?"

அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகத் தொடங்கிவிடுவார். இவ்வளவு நிதானமான மனிதர், பலமான தலைவன் என்ற பேச்சு வந்தால் மட்டும் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ரஷ்யர்களே அவ்வளவு தூரம் வக்காலத்து வாங்கமாட்டார்கள். காரணம் எனக்குப் பதினாறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

2025 பெப்ரவரியில் அவருக்கு ஒரு விசாரணை வந்தது. இப்போது பாதி விசாரணைகள் தொலைபேசியில்தான். அதிகாரி ஓரிடத்தில், அகதி இன்னோரிடத்தில், மொழிபெயர்ப்பாளர் தன் வீட்டில். அண்ணை மேல்மாடியில் பெட்டிகள் அடுக்கியிருந்த சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். மறுமுனையில் வேரா என்ற முப்பத்தொரு வயதுப் பெண். வோல்கா ஆற்றங்கரையில் ஒரு பட்டணத்தில் புவியியல் ஆசிரியை. 2023 வசந்தத்தில் ஒருநாள், சிறையில் இருந்த பத்துப் பேரின் பெயர்களைப் பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு, ஆற்றங்கரை நடைபாதையில் தனியாக நின்றிருக்கிறாள். யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. வீட்டுக்கும் வந்துவிட்டாள். அடுத்த நாள் காலை பொலிஸ் வாசலில். பதினைந்து நாள் உள்ளே வைத்தார்கள். பிறகு அரசுக்கு எதிராகப் பொய் பரப்பினாள் என்று வழக்கு. ஏழு வருஷம் வரை கிடைக்கலாம் என்று தெரிந்ததும், நண்பியின் காரில் எல்லை கடந்து, சுற்றிச் சுற்றி இலண்டன் வந்து சேர்ந்தாள்.

அதிகாரி கேட்டார், "நீங்கள்தான் நின்றீர்கள் என்று பொலிசுக்கு எப்படித் தெரிந்தது?"

 வேரா ரஷ்ய மொழியில், "என் அப்பா. அப்பாதான் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்" என்றாள்.

ஞானரட்ணம் அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார், "யாரோ ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்."

அவ்வளவுதான். அதிகாரி அடுத்த கேள்விக்குப் போனார். மிச்ச இரண்டு மணி நேரமும் அண்ணை ஒரு சொல் பிசகவில்லை. விசாரணை முடிந்து கீழே வந்து, கோப்பையைக் கழுவிக்கொண்டு நிற்கும்போதுதான் தான் என்ன சொன்னேன் என்று அவருக்கே உறைத்திருக்கிறது. உடனே வேலை தந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் சரி. பிழை விட்டேன், திருத்துங்கள் என்று ஒரு வரி. எல்லாருக்கும் நடப்பது, யாரும் தலையை வாங்கமாட்டார்கள். அவர் போடவில்லை. விசாரணையின் எழுத்துப் பிரதி வேராவின் சட்டத்தரணிக்குப் போனது. அந்த ஆள் வேலை மாறிப் போகும் அவசரத்தில் இருந்ததால், அதை அவளுக்கு வாசித்துக் காட்ட ஒருவரும் இருக்கவில்லை.

ஜூலை மாதம், கிழக்கு இலண்டனில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்துக்கு அண்ணையை அனுப்பினார்கள். கோழிப்பொரியல் கடைக்கு மேல்மாடி. விண்ணப்பம் மறுக்கப்பட்ட ஒரு ரஷ்யப் பெண், அக்டோபரில் மேன்முறையீடு, அதற்கு முன் பேச வேண்டும் என்று மட்டும்தான் தகவல். போய் இருந்தார். பெண் தன் பெயரைச் சொன்னாள். குரலும் அதுதான். அவள் அவருடைய முகத்தைப் பார்த்ததே இல்லை, குரலையும் அடையாளம் காணவில்லை. அவர் அவளை அப்போதுதான் பார்க்கிறார். கையில் நகம் கடித்த, கழுத்தில் மெல்லிய சால்வை போட்ட, களைத்த பெண்.

புதிய சட்டத்தரணி மறுப்புக் கடிதத்தை வரிவரியாக வாசித்தார். அண்ணை வரிவரியாக ரஷ்ய மொழியில் சொன்னார். நாலாம் பக்கத்தில் வந்தது. "விசாரணையின்போது, யாரோ ஒருவர் உங்களைப் பற்றி அறிவித்ததாகச் சொன்னீர்கள். பிறகு கொடுத்த வாக்குமூலத்தில் உங்கள் தந்தை என்கிறீர்கள். உங்கள் வழக்கின் மையமான விஷயத்திலேயே முன்னுக்குப் பின் முரண். ஆகவே நீங்கள் சொல்வதை நாங்கள் நம்பவில்லை."

அதையும் அவர்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். சொன்னார்.

வேரா எழுந்துவிட்டாள். ரஷ்ய மொழியில் கத்தினாள். அவள் என்ன சொல்கிறாள் என்று சட்டத்தரணி அண்ணையின் முகத்தைப் பார்த்தார். தொழிலின் கட்டுப்பாடு தெரிந்த மனிதர் அல்லவா? அவர் ஆங்கிலத்தில் சொன்னார், "நான் அப்பா என்றுதான் சொன்னேன். நான் யாரோ என்று சொல்லவில்லை. நான் அப்பா என்று சொன்னேன்."

அன்று பின்னேரம் இரண்டு ரயில் மாறி ஹவுன்ஸ்லோவுக்கு என்னிடம் வந்தார். என் வீட்டுக்குள் வர மறுத்து, வாசலில் நிறுத்தியிருந்த என் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். வேராவின் கதையை முழுக்கச் சொன்னார். நான் திகைத்துப்போனேன். "நீங்களோ அண்ணை? நீங்களோ சொல்லை மாத்தினீங்கள்?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் நான் எத்தனையோ நாள் நித்திரையில்லாமல் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

"எங்கட வீட்டில அப்பிடித்தான் தம்பி சொல்லிப் பழக்கம். என்ர தமையன் கொட்வின் அண்ணையை ஆர் காட்டிக் குடுத்தது எண்டு கேட்டா, ஆரோ சொல்லிப்போட்டினம் எண்டு அம்மா சொல்லுவா. ஆரோ இல்லை. அப்பா."

அவருடைய தகப்பன் சவரிமுத்து மன்னாரில் தபாலதிபர். நேரத்துக்குக் கந்தோர், நேரத்துக்குப் பூசை, சட்டையின் கழுத்துப் பொத்தான் பூட்டாமல் வாசலுக்கு வராத மனிதர். மூத்த மகன் கொட்வினுக்கு 1986இல் இருபத்தைந்து வயது. அந்த நாளில் ஆயுதம் தூக்கிய பொடியள் ஒருவரை ஒருவர் சுடத் தொடங்கியிருந்தார்கள். கொட்வின் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி ரோணியோ இயந்திரத்தில் அடித்து விநியோகித்தான். கேள்வி கேட்டவனையெல்லாம் துரோகி என்றால் கடைசியில் யாருக்காக இந்தப் போராட்டம் என்பதுதான் அதன் சுருக்கம். பிறகு மாமி வீட்டில் போய் ஒளித்திருந்தான். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து தகப்பனிடம் மரியாதையாகக் கேட்டார்கள். "ஐயா, கூப்பிட்டு ரெண்டு வார்த்தை கதைச்சுப்போட்டு விட்டிடுவம்" என்றார்கள். இருபத்தொரு வயது ஞானரட்ணம் குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தபாலதிபர் விலாசம் சொன்னார். ஊர், ஒழுங்கை, வீட்டுக்கு முன்னால் நிற்கும் வேப்பமரம் எல்லாம் பிழையில்லாமல். பிறகு உள்ளே வந்து தாயிடம் சொல்லியிருக்கிறார், "பொடியளுக்கெண்டு ஒரு ஒழுங்கு இருக்கு. ஆளுக்கொரு கதை கதைச்சா ஒண்டும் சரிவராது. ரெண்டு நாள் வைச்சு வெருட்டி விட்டாத்தான் இவனும் அடங்குவான்."

கொட்வின் வரவே இல்லை. எங்கே போட்டார்கள் என்றுகூடத் தெரியவில்லை. ஊருக்கு யாரோ சொல்லிப்போட்டினம். மாமிக்கு யாரோ சொல்லிப்போட்டினம். பிறகு வீட்டுக்குள்ளும் அதே கதைதான். தகப்பனும் அதையே சொல்லிக்கொண்டு 2003இல் செத்தார். மெற்றில்டா அக்காவுக்குக்கூட இன்றுவரை யாரோதான்.

"வேராட தகப்பனும் அதைத்தானாம் சொன்னவர்" என்றார் அண்ணை. "ரயில் ஓட்டின மனுசன். ரெண்டு நாள் வெருட்டி விடுவாங்கள், பெட்டை அடங்கிடுவாள், இப்ப அடங்காட்டிப் பிறகு பெரிசாப் போயிடும் எண்டு நினைச்சுத்தான் போன் எடுத்தவராம். அந்தப் பிள்ளை அப்பா எண்டு சொன்ன உடன என்ர வாய் தானா ஆரோ எண்டு சொல்லிப்போட்டுது தம்பி. சத்தியமா நான் யோசிக்கேல்லை."

அப்போதுதான் எனக்கு அந்தப் பதினாறு வருஷத் தர்க்கமும் விளங்கியது. இறுக்கிப் பிடிக்கிறவனும், அவனை நம்பி அடங்கிப் போகிற சனமும் சரியென்றால்தான் தபாலதிபரும் சரி. தகப்பனை ஒரு கொலைக்கு உடந்தை என்று சொல்லாமல் இருப்பதற்கு இந்த மனிதருக்கு ஒரு முழு நாடு தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

பிறகுதான் நான் அந்தப் புத்தியைச் சொன்னேன். "சட்டத்தரணி ஒலிப்பதிவைக் கேட்டு எடுப்பா. அதில எல்லாம் இருக்கும். நீங்கள் போய்ச் சொல்லத் தேவையில்லை. சொன்னீங்களெண்டா மொழிபெயர்ப்பாளர் பதிவேட்டில இருந்து பேரை வெட்டிப் போடுவாங்கள். அறுபது வயசில என்ன வேலைக்குப் போவீங்கள்? பேசாமல் இருங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிய மாதிரியைப் பார்த்து, பயல் தப்பித்தான் என்று நினைத்தேன். பயலா? என்னைவிட எட்டு வயது மூத்தவர். இருந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

ஓகஸ்ட் போனது. ஒலிப்பதிவு வந்தபாடில்லை. கேட்ட இடத்தில் தேடுகிறோம் என்றார்களாம். செப்டெம்பரில் அண்ணை வேலைகளை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார். மெற்றில்டா அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இவருக்கு என்ன வருத்தம்? சாப்பாட்டுக் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். டொக்டரிட்டப் போக மாட்டாராம்" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். நானும் அந்த வீட்டு வழக்கத்துக்கு வந்துவிட்டேன் என்று அப்போது எனக்குப் படவில்லை.

மேன்முறையீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் என்னிடம் கேளாமல் அந்தக் கோழிக்கடை மாடிக்குப் போனார். சட்டத்தரணியிடம், விசாரணையில் மொழிபெயர்த்தது நான், அந்தச் சொல்லை மாற்றியது நான் என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். ஏன் மாற்றினீர்கள் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.

மேன்முறையீடு விசாரணைக்கு வந்த அன்று நானும் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். இருபத்தொரு வருஷமாக மொழிபெயர்ப்பாளரின் கதிரையில் இருந்த மனிதர் சாட்சியின் கதிரையில் இருந்தார். வேராவுக்குப் பக்கத்தில் வேறொரு ரஷ்ய மொழிபெயர்ப்பாளர், அண்ணை ஆங்கிலத்தில் சொல்வதை அவளுக்குத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். நீதிபதி கேட்டார், "ஏன் மாற்றினீர்கள்?"

அண்ணை, "எங்கள் வீட்டில் அப்படிச் சொல்வதுதான் வழக்கம்" என்றார்.

நீதிபதிக்கு அது விளங்கியிருக்குமோ தெரியாது. அதற்குமேல் கேட்கவில்லை. மொழிபெயர்த்த பெண் அதையும் வேராவிடம் சொன்னாள். வேரா அப்போதுதான் தலையைத் திருப்பி அண்ணையைப் பார்த்தாள்.

வெளியே படிக்கட்டில் அவர் அவளிடம் போனார். ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறார் என்று மட்டும் தோளைப் பார்த்துத் தெரிந்தது. அவள் கத்தவில்லை. நிறையப் பேசினாள், பிறகு மழைக்குள் இறங்கிப் போனாள். ரயிலில் அவர் எனக்கு அதைத் தமிழில் சொன்னார். பழக்கதோஷம், "நான்" என்றே சொன்னார்.

"நீங்கள் என் அப்பாவைக் காப்பாற்றப் பார்த்தீர்களா? அவர் யாரிடமும் ஒளிக்கவில்லை. தான் செய்தது சரி, நாடென்றால் ஒரு தலை வேண்டும், நீ அதற்குள் கல்லெறிந்தாய் என்று இன்றைக்கும் சொல்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கூப்பிட்டு, குளிர்ச் சப்பாத்து வாங்கினாயா, சூப் குடித்தாயா என்று கேட்கிறார். நான் பதில் சொல்கிறேன். ஏனென்றால் என் அப்பா. அந்தச் சொல்லை ஒரு அந்நிய மனிதருக்கு முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்கு இரண்டு வருஷம் எடுத்தது. நீங்கள் அதை எடுத்துப்போட்டு யாரோ என்று வைத்துவிட்டீர்கள்."

சொல்லி முடித்துவிட்டு அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

அக்டோபர் கடைசியில் முடிவு வந்தது. வேரா இந்த நாட்டில் இருக்கலாம். சட்டத்தரணி அண்ணைக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டிருந்தார். அதே வாரம் பதிவேட்டிலிருந்து அவருடைய பெயரும் போனது. நான் சொன்னபடியே நடந்தது. சொன்னேனே என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நவம்பர் இரண்டாம் திகதி, கத்தோலிக்கர்கள் இறந்தவர்களை நினைக்கும் சகல ஆத்துமாக்கள் திருநாள். இந்த முறை அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, அவர்களுடைய பங்குக் கோயிலில் அன்று தமிழ்ப் பூசை. நான் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில்காரன், பூசையில் எப்போது எழும்புவது எப்போது இருப்பது என்றே தெரியாது. மெற்றில்டா அக்கா வரச் சொன்னதால் போனேன். வாசலில் ஒரு நீளமான தாள் வைத்திருப்பார்கள். அவரவர் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை அதில் எழுத வேண்டும். பூசையில் சுவாமியார் எல்லாப் பெயரையும் வாசிப்பார். மெற்றில்டா அக்கா வழக்கம்போல் எழுதினார். தன் தாய், தகப்பன், பிறகு மாமி, மாமா சவரிமுத்து. கொட்வினின் பெயரை அந்தக் குடும்பத்தில் யாரும் எழுதியதில்லை. உடலைக் காணாமல் இறந்தவன் என்று எழுதக்கூடாது என்று தாய் சொல்லியிருந்தாராம். முப்பத்தொன்பது வருஷமாக அவன் அந்தத் தாளிலும் இல்லை, உயிரோடும் இல்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீரும் ரோல்சும். பங்குச் சபைச் செயலாளர் அல்பிரட், ஞானரட்ணம் அண்ணையின் தோளில் கைபோட்டார். அவரும் மன்னார் ஆள், நல்ல மனிதர், ஆறுதல் சொல்லத்தான் வந்தார்.

"கேள்விப்பட்டன் ஞானம். வேலை போயிட்டுதாம். உம்மில ஆரோ எழுதிப் போட்டிட்டாங்களாமே? எங்கட ஆக்கள்தான் செய்திருப்பாங்கள், எரிச்சல் பிடிச்சதுகள். காட்டிக் குடுக்கிற புத்தி எங்கட சனத்தை விட்டுப் போகாது."

சுற்றி நின்ற நாலைந்து பேர் ஓம் ஓம் என்றார்கள். யாராய் இருக்கும் என்று ஒருவர் பெயர் தேடத் தொடங்கினார்.

"ஆரோ இல்லை" என்றார் அண்ணை. "நான்தான். நான் செய்த பிழையை நானே போய்ச் சொன்னனான்."

அல்பிரட் சிரிக்கப் பார்த்தார். அண்ணை அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. குரலும் உயரவில்லை.

"கொட்வின் அண்ணையையும் ஆரோ இல்லை, அல்பிரட். அப்பா. அப்பாதான் விலாசம் சொன்னவர். நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டனான். நான் பின்பக்கத்தால ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சைக்கிள் நிண்டது. அப்பா சொன்னா அது சரியாத்தான் இருக்கும் எண்டு நிண்டிட்டன்."

சைக்கிள் நின்றது என்பதை அவர் என்னிடமும் சொன்னதில்லை.

மெற்றில்டா அக்கா ரோல்ஸ் தட்டோடு வந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். தட்டை மேசையில் வைத்தார். "மாமாவோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப இவ்வளவு காலமும் நான் ஆருக்கு மெழுகுதிரி கொழுத்தினனான்?"

 அந்தத் தாள் பூசை முடிந்து திரும்பவும் வாசல் மேசையில் கிடந்தது. அண்ணை அதனிடம் போய் நின்று சட்டைப்பையைத் தடவினார். பேனை இருக்கவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். பின்னால் வந்த அல்பிரட், "ஞானம், பேர் எல்லாம் வாசிச்சு முடிஞ்சுதே" என்றார். அது ஒன்றும் அவருடைய காதில் விழவில்லை. தகப்பனின் பெயரை வெட்டப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். வெட்டவில்லை. சவரிமுத்து என்று மெற்றில்டா அக்கா எழுதியிருந்ததற்குக் கீழே, அதே வரிசையில், சவரிமுத்து கொட்வின் என்று எழுதிவிட்டுப் பேனையை என்னிடம் திருப்பித் தந்தார்.